வட்டத்தில் ஓர் இடைவெளி

தொழில்நுட்பக் கூட்டத்துக்கு முதல்முறை வந்தவர் மறுமாதம் ஏன் வருவதில்லை? தலைப்பு கடினம், பேச்சு புரியவில்லை என்று நாமே காரணம் சொல்லிக்கொள்கிறோம். நான் பார்த்தவரை, ‘இனி வர வேண்டாம்’ என்று அவர் முடிவெடுப்பது டீ இடைவேளையில்தான்.

உரை நடக்கும்போது எல்லோரும் மேடையைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். பழையவர், புதியவர் என்ற பேதம் தெரியாது. டீ வந்ததும் தெரிந்தவர்கள் நான்கைந்து பேர் வட்டமாக நின்றுவிடுவோம். ஒருமுறை, ஓர் இளம்பெண் பேப்பர் கப்போடு சுவரோரம் நின்று, செல்போன் திரையைச் சும்மா மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தார். அவருக்கு முதுகைக் காட்டி நின்றவர்களில் நானும் ஒருவன். அடுத்த மாதம் அவர் வரவில்லை. அந்தக் காட்சி மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

மென்பொருள் துறையைச் சேர்ந்த எரிக் ஹோல்ஷர் 2017இல் ‘பேக்-மேன் விதி’ என்று ஒன்றை எழுதினார். 1980இல் வந்த ‘பேக்-மேன்’ வீடியோ கேமில் வாயைத் திறந்தபடி ஓடும் மஞ்சள் வட்டம் பலருக்கு நினைவிருக்கும். நின்று பேசும் கூட்டமும் அப்படி ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டும், இன்னொருவர் வந்து சேர. அவர் சேர்ந்ததும் கொஞ்சம் நகர்ந்து, அடுத்தவருக்கு மறுபடி இடம். காசு செலவில்லாத காரியம்.

அடுத்த கூட்டத்தில் டீயை வாங்கியதும் நண்பர்களைத் தேடாதீர்கள். தனியே நிற்பவரிடம் போய், “இன்னைக்குத்தான் முதல் தடவை வர்றீங்களா?” என்று கேளுங்கள்.