அரைப்பேர் எத்தனை என்று நீயே எண்ணிக் காட்டு

கலஹாவிலிருந்தும் தெல்தோட்டையிலிருந்தும் புசல்லாவையிலிருந்தும் பேராதனைக்குப் பஸ் ஏறும் தம்பி, தங்கச்சி! "ஆர் மொழியா? அது கெட்டிக்காரருக்கு" என்று இன்னொரு முறை சொல்லாதே. தரவை அலசும் அந்தக் கணினி மொழிக்குக் கொடுக்க உன்னிடம் இருப்பது வேறு எவரிடமும் இல்லை.

1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். அன்றிலிருந்து இந்த மலைகளில் நம்மவர் உழைப்பெல்லாம் ஏட்டில் ஏறிக்கொண்டே இருக்கிறது. செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டைப் பார். ஆட்களின் பெயர் மேலிருந்து கீழே, திகதி 1 முதல் 31 வரை குறுக்கே. சம்பளம் போட அந்த அமைப்பு போதும். கேள்வி கேட்கப் போதாது. எந்த வாரம் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம் மட்டும் விழுந்த நாள், கூடியது? எந்த டிவிசனில்? மழை நாளிலா, வெயில் நாளிலா?

அங்கேதான் ஆர் வருகிறது. பிவட்_லாங்கர் என்ற ஒரே கட்டளை, அகலமாகக் கிடக்கும் ஏட்டை நீளமாக்கும். 100 ஆட்கள், 31 நாட்கள் என்றால் 3,100 நிரைகள். ஒவ்வொரு நிரையிலும் ஓர் ஆள், ஒரு திகதி, ஒரு பதிவு. ஒரு நிரலுக்கு ஒரு மாறி, ஒரு நிரைக்கு ஒரு நோக்கல் என்ற இந்த ஒழுங்கை 2014இல் கட்டுரையாக எழுதி உலகம் முழுக்கப் பரப்பியவர் ஹேட்லி விக்கம். இப்போது எதை வைத்தும் பிரி, கூட்டு, ஒப்பிடு!

பிறகு மறுகுறியிடல், அதாவது ஏட்டுக் குறிகளை எண்ணாக்குவது. முழுப்பேருக்கு 1, அரைப்பேருக்கு 0.5. சரி, வெற்றுக் கட்டத்துக்கு என்ன? வெளியிலிருந்து வருகிறவர் யோசிக்காமல் 0 போட்டுவிடுவார். நீ போடமாட்டாய். ஆள் வரவில்லையா, வந்தும் வேலை கொடுக்கவில்லையா, பிள்ளைக்குக் காய்ச்சலா, கொந்தரப்புக்கு (ஒப்பந்த வேலைக்கு) போனாரா என்று கேட்பாய். இத்தனையையும் ஒரே 0 ஆக்கினால் ஒரு தாயின் மாதமே பொய்யாகிவிடும் என்று உனக்குத் தெரியும். அந்த அறிவை எந்த விரிவுரை மண்டபமும் தராது. தோட்ட லயத்தில் வளர்ந்ததை ஒளிக்காதே. இந்த வேலைக்கு அதுதான் உன் தகுதி!

பொறியும் உண்டு, தெரிந்துகொள். கிலோ நிரலில் 18, 22, 9 என்று இருக்கும் இடத்தில் யாரோ ஒரு கட்டத்தில் "மழை" என்று எழுதியிருப்பார். உடனே நிரல் முழுவதும் எழுத்தாகிவிடும். அதை ஃபாக்டர் (வகை மாறி) ஆக்கி நேரே எண்ணாக மாற்றினால் 18க்கு 1, 22க்கு 2, 9க்கு 3 என்று வரிசை எண்தான் கிடைக்கும். ஒன்பது கிலோ இருபத்திரண்டை முந்திவிடும், ஆர் ஒரு எச்சரிக்கையும் தராது. முதலில் எழுத்தாக மாற்று, பிறகு எண்ணாக்கு. மழை நாள் என்.ஏ. (மதிப்பு இல்லை) ஆகும், மழை பெய்தது என்பதற்குத் தனி நிரல் வை. கண்டி, கேண்டி, மஹநுவர என்று ஒரே ஊர் மூன்று ஊராக நிற்பதையும் இதே பொறுமையோடு ஒன்றாக்கு.

சிவப்பு எழுத்தில் பிழைச்செய்தி வந்தால் கணினியை மூடாதே. வாசி! எங்கே சிக்கல் என்று பெரும்பாலும் அதுவே சொல்கிறது. மொழிக்குக் காசும் கேட்கமாட்டார்கள். ஒக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் என்ற இரண்டு ஆசிரியர்கள் மாணவருக்குக் கற்பிக்கவென்று தொடங்கியது அது. 1995இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். உனக்கும் சேர்த்துத்தான்.

இதெல்லாம் எதற்கு? 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. பறிக்க வேண்டிய கிலோவைக் கூட்டிவிட்டார்கள், அரைப்பேர் பெருகிவிட்டது என்று நம் பெண்கள் முறையிட்டார்கள். முறைப்பாட்டைத் தள்ளிவிடுவது சுலபம்; திகதிவாரியாக அடுக்கிய நிரைகளைத் தள்ளுவது சுலபமல்ல. ஆகவே இன்றிரவே தொடங்கு. வீட்டில் இருக்கும் பழைய சம்பளத் துண்டுகளை எடு. பெயரை மறைத்து ஆளுக்கொரு இலக்கம் கொடு. இலக்கம், மாதம், முழுப்பேர், அரைப்பேர், கிலோ என்று ஐந்து நிரல் போட்டு முதல் நிரையைத் தட்டு.