கரையடியில் நடப்பவர்

ஐப்பசி பிறந்துவிட்டால் கம்மாபுரம் பகுதி ஏரிக்கரைகளில் ஒரு காட்சியைக் காணலாம். மடை பார்க்கும் பெரியவர் ஒருவர் மண்வெட்டியுடன் கரையின் அடியை ஒட்டி மெல்ல நடப்பார். நாமும் ஒருமுறை அவருடன் நடந்தோம். கரையின் மேலே நடப்பது காலுக்கு எளிது. அவரோ கீழே, முள்ளுக்குள் நடந்தார். "மேல நடந்தா தண்ணிதான் தெரியும் சாமி, கரை தெரியாது" என்றார். நண்டு வளை, எலி வளை, வேர் அழுகிய பொந்து என்று தேடிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நீர் கசிந்தது. அதை உள்ளங்கையில் ஏந்தி உற்று நோக்கினார். கசியும் நீர் தெளிந்திருந்தால் பொறுத்திருந்து கவனிக்கலாம். கலங்கியிருந்தால் கரை உள்ளுக்குள் கரைகிறது என்று பொருள், அன்றிரவே மணல் மூட்டை அடுக்க வேண்டும் என்று விளக்கினார். அன்று நீர் தெளிவாகவே இருந்தது.

நம் பகுதி மக்களுக்கு இன்னொரு வகைக் கரையும் அந்நியமன்று. 1957-இல் மேல்மண் அகற்றத் தொடங்கிய நெய்வேலிச் சுரங்கத்தின் மண்மேடுகளே இந்தச் சமவெளிக்கு மலைகளாகிவிட்டன. பழுப்பு நிலக்கரியை எரித்த சாம்பல் நீரில் குழம்பாக்கப்பட்டு, கரை கட்டிய குளங்களில் விடப்படுகிறது. இரும்பும் செம்பும் பொன்னும் எடுக்கும் நாடுகளில், தாதுவைப் பொடித்துக் கழுவியபின் எஞ்சும் சேற்றையும் இவ்வாறே அணை கட்டித் தேக்குகிறார்கள். ஏரி கோடையில் வற்றும். கரையைச் செப்பனிட அவகாசம் கிடைக்கும். கழிவணைக்குக் கோடையே இல்லை. சுரங்கம் மூடப்பட்ட பின்னும் அது நிற்கும். மணிமுத்தாற்று ஈர மணலைக் குதிகாலால் விடாமல் தட்டிப் பாருங்கள்: உறுதியாயிருந்த மணல் நெகிழ, நீர் மேலே வரும். அணைக்குள்ளும் அதுவே நேரலாம். ஆகவேதான் உள்ளிருக்கும் நீரழுத்தத்தைக் குழாய்களில் அளப்பதும், வடிகால் அடைபடாமல் காப்பதும், தேங்கிய நீரைக் கரையை நெருங்கவிடாமல் வைப்பதும் அங்கே ஓயாத வேலைகள்.

பிரேசில் நாட்டுப் புருமாதினோவில், வாலே நிறுவனத்தின் இரும்புச் சுரங்கக் கழிவணை 2019 ஜனவரி 25 நண்பகலில் சில நொடிகளுக்குள் குழம்பாகிச் சரிந்தது. அணைக்குக் கீழே இருந்த உணவகத்தில் தொழிலாளர் உணவருந்திக்கொண்டிருந்தார்கள். அபாயச் சங்கு ஒலிக்கவில்லை. மாண்டவர் 270 பேர். தாய் வயிற்றிலிருந்த இரு குழந்தைகளையும் சேர்த்து 272 என்றே குடும்பத்தார் எண்ணுகிறார்கள். நாமும் அவ்வாறே எண்ணுவோம். அதற்கு முந்தைய செப்டம்பரில்தான் அந்த அணை உறுதியானது என்று ஓர் ஆய்வு நிறுவனம் சான்று வழங்கியிருந்தது. சான்றளித்தவர்களுக்கே ஐயம் இருந்தது, ஒப்பந்தம் கைவிட்டுப் போகுமோ என்ற அச்சமும் இருந்தது என்பது அரசு வழக்கறிஞர்களின் குற்றச்சாட்டு. நம் நாட்டிலும் 2020 ஏப்ரலில் மத்தியப் பிரதேசத்துச் சிங்க்ரௌலி மாவட்டத்தில், சாசன் அனல் மின் நிலையத்தின் சாம்பல் குளக்கரை உடைந்து ஆறு பேர் மாண்டனர்.

உடைந்தபின் குற்றவாளியைத் தேடுவது எளிது. நம்மை உறுத்தும் வினா வேறு. ஒருவர் கரையடியில் நடந்து பார்த்துவிட்டு ஒப்பமிடுகிறார்; இன்னொருவர் நாற்காலியில் அமர்ந்தபடியே ஒப்பமிடுகிறார். இரு கரைகளும் உடையவில்லை. இவ்விருவரும் ஒன்றா?

இதைப் பிறரிடம் கேட்கும் தகுதி நமக்குக் குறைவு. ஒரு பங்கில் பள்ளித் தாளாளராய் இருந்தபோது, மேல்நிலை நீர்த்தொட்டியைத் திங்கள்தோறும் நேரில் பார்வையிட்டதாகப் பதிவேட்டில் ஒப்பமிட்டுவந்தோம். ஏணியில் ஒருமுறைகூட ஏறவில்லை. ஒன்றும் நேரவில்லை, பிள்ளைகள் நலமாகவே இருந்தார்கள். அந்த நலத்துக்கு நாம் காரணமல்லர் என்ற எண்ணம் வரவே பல ஆண்டுகள் பிடித்தன. பாவச் சோதனைக்கென அச்சிட்ட சிறு நூல்களில் களவும் பொய்யும் உண்டு. பாராமல் ஒப்பமிட்டேனா என்ற வினாவை நாம் கண்டதில்லை.

இணைச்சட்ட நூலின் 22-ஆம் அதிகாரத்தில் ஒரு கட்டளை இருக்கிறது: புது வீடு கட்டுபவர் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும், இல்லையேல், எவரேனும் விழுந்தால் இரத்தப் பழி அவ்வீட்டின்மேல் வரும். எவரும் விழுவதற்கு முன்பே கடமை பிறந்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். சுவரில்லாத மாடியில் நூறாண்டுகள் எவரும் விழாதிருக்கலாம். அதனால் அந்த வீட்டுக்காரர் கட்டளையைக் காத்தவர் ஆகிவிடமாட்டார். கீழே உறங்குபவர் சான்றிதழை நம்பித்தான் உறங்குகிறார். பாராமல் ஒப்பமிட்டவர் அந்த நம்பிக்கையை ஏற்கனவே திருடிவிட்டார். கரை உடையும்போது வெளிப்படுவது பழைய களவுதான்.

மனச்சான்று ஒன்றையே நம்பியிருப்பது போதாது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில், குடவோலை முறையில் ஓராண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்படும் ஏரி வாரியம் சொல்லப்படுகிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்லர், அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதியிழப்பர். இன்றோ அணையை உடையவரே அதைச் சோதிப்பவருக்குக் கூலி கொடுக்கிறார். கரைக்குக் கீழே குடியிருப்பவர்களும் சோதகரை அமர்த்துவதில் பங்கு பெற்றாலன்றி, நேர்மையான பொறியாளருக்கும் 'இல்லை' என்று எழுதும் துணிவு வருவது கடினம் என்றே நமக்குத் தோன்றுகிறது.

அன்று கரையின் கடைக்கோடிவரை நடந்து முடித்ததும் பெரியவர் மண்வெட்டியைக் கழுவினார். "இவ்வளவு தூரம் நடந்தும் ஒன்றும் இல்லையே" என்றோம். "இன்னைக்கு இல்ல சாமி" என்றவர், வேட்டியிலிருந்த முள்ளைப் பிடுங்கியபடியே, "நாளைக்கும் வரீங்களா?" என்று கேட்டார்.