காதில் விரல் வைத்த மாணவர்கள்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

புகழனைத்தும் வல்ல அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



நம் ஊர்களில் குர்ஆன் ஓதிக்கொடுக்கும் உஸ்தாதுகளில் யாரைச் சந்தித்தாலும் ஒரு மனக்குறையைக் கேட்கலாம். "பிள்ளைகள் வருகிறார்கள், உட்காருகிறார்கள், எழுந்து போகிறார்கள். பாடம் மட்டும் ஏறவில்லை" என்பார்கள். பள்ளிக்கூடம் முடிந்து, டியூஷன் முடிந்து, களைத்துப் போய் மஃரிபுக்குப் பின் வரும் பிள்ளையின் கண் கடிகாரத்தில் இருக்கிறது. நேற்றுக் கொடுத்த பாடம் இன்று நினைவில் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க் குறைந்தால் ஓடிவந்து கேட்கும் தந்தை, தம் மகன் எந்த ஜுஸ்வு ஓதுகிறான் என்று ஒரு நாளாவது வந்து கேட்பதில்லை.

இந்த மனக்குறை நியாயமானதே. ஆனால் இதைவிடப் பெரிய நோய் ஒன்று அதே பாயில் உட்கார்ந்திருக்கிறது. அதைப்பற்றி நாம் வாய் திறப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் பிள்ளையை, அவன் தந்தையின் தொழிலுக்காகவும், நிறத்துக்காகவும், அவனது குடும்பம் இஸ்லாத்துக்கு வந்து எத்தனை நாளாயிற்று என்பதற்காகவும் இழிவாக எண்ணும் நோய் அது. இவ்விரண்டும் வேறு வேறு நோய்கள் அல்ல. ஒரே வேரிலிருந்து வருபவை என்பதைத் திருமறை நமக்குக் காட்டித் தருகிறது.

நூஹ் நபி கண்ட மக்கள்

பாடம் ஏறாத மாணவர்களைப் பெற்ற ஆசிரியர்களில் முதன்மையானவர்கள் நூஹ் அலைஹிஸ்ஸலாம் அவர்கள். ஐம்பது குறைய ஆயிரம் ஆண்டுகள் அவர்கள் தம் மக்களிடையே தங்கினார்கள் என்று திருமறை கூறுகிறது (29:14). இரவிலும் பகலிலும் அழைத்தார்கள். வெளிப்படையாகவும் அழைத்தார்கள், தனிமையிலும் எடுத்துச் சொன்னார்கள். அந்த மக்களோ விரல்களைக் காதுகளில் வைத்து அடைத்துக் கொண்டார்கள். ஆடைகளால் தம்மை மூடிக்கொண்டார்கள். இதனை அந்த நபியவர்களே தம் இறைவனிடம் முறையிட்ட செய்தி 71-ஆம் அத்தியாயத்தில் வருகிறது.

அவர்கள் காதை அடைத்ததன் காரணம் என்ன? பாடம் கடினமாக இருந்ததா? ஆசிரியருக்குச் சொல்லத் தெரியவில்லையா? இல்லை. காரணத்தை ஹூது அத்தியாயத்திலும் ஷுஅரா அத்தியாயத்திலும் காண்கிறோம். உம்மைப் பின்பற்றுபவர்கள் எல்லாம் எங்களில் இழிந்தவர்கள். அவர்கள் இருக்கும் இடத்துக்கு நாங்கள் எப்படி வருவோம் என்பதே அவர்களது பேச்சாக இருந்தது. நூஹ் நபியவர்களோ, ஈமான் கொண்டவர்களை நான் விரட்டமாட்டேன் என்று தெளிவாகக் கூறிவிட்டார்கள்.

சிந்தித்துப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவனை இழிவாக எண்ணிய நெஞ்சில் பாடத்துக்கு இடமில்லாமல் போயிற்று. 'நான் உயர்ந்தவன்' என்ற எண்ணம் நிரம்பிய பாத்திரத்தில் வேறு எதை ஊற்ற முடியும்?

எனக்குக் கிடைத்த பாடம்

இதை நான் கிதாபிலிருந்து மட்டும் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரில் மாலை மக்தபில் ஓதிக்கொடுத்து வந்தேன். முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள். ஒருநாள், பின்வரிசையில் இருந்த ஒரு சிறுவன் அழகாக ஓதுவதைக் கேட்டு அவனை முன்வரிசைக்கு அழைத்து உட்கார வைத்தேன். அவனுடைய தந்தை ஊரில் முடி திருத்துபவர். உடனே இரு பக்கத்திலும் இருந்த பிள்ளைகள் தங்கள் ரிஹால்களை இழுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்கள். "ஏனப்பா?" என்று கேட்டேன். ஒருவன் தலையைக் குனிந்துகொண்டு, "வீட்டில் சொல்லியிருக்காங்க ஹஸ்ரத்" என்றான்.

அந்த இரு பிள்ளைகளுக்கும் கத்னா செய்துவிட்டது அந்தச் சிறுவனின் தந்தைதான். அந்தக் கை வேண்டும். அந்தக் கைக்குரியவரின் மகன் பக்கத்தில் வேண்டாம்!

எனக்கு வந்த கோபத்தில் பிரம்பை எடுத்தேன். இருவருக்கும் அடி விழுந்தது. அதன்பின் நெடுநேரம் சமத்துவத்தைப் பற்றி உரத்த குரலில் பேசினேன். மறுநாள் அந்த இருவரும் வரவில்லை. ஒரு வாரத்தில் மேலும் ஐந்து பேர் நின்றுவிட்டார்கள். அந்தச் சிறுவனே என்னிடம் வந்து, "நான் பின்னாலேயே உக்காந்துக்கிறேன் ஹஸ்ரத். என்னாலதானே எல்லாரும் வரல்லே" என்றான். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இந்த ஊரும் வேண்டாம், இந்த வேலையும் வேண்டாம் என்ற முடிவோடு, எனக்கு ஓதிக்கொடுத்த முதிய உஸ்தாத் அவர்களிடம் போனேன்.

நடந்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்ட அவர்கள், "தம்பி, பாடம் நடக்கும்போது உங்களுக்கு டீ வாங்கி வருவது யார்?" என்று கேட்டார்கள்.

நான் வாய் திறக்கவில்லை. டீ வாங்கி வருபவன் அந்தச் சிறுவன்தான். பாய் விரிப்பவனும் அவன்தான். மீலாது விழாவில் விருந்தினர் முன் ஓதுவதற்கு நான் தேர்ந்தெடுத்து வந்ததெல்லாம் நிர்வாகிகள் வீட்டுப் பிள்ளைகளை. அவன் அழகாக ஓதுகிறான் என்பதே எனக்கு அத்தனை நாள் தெரியாமல் இருந்ததற்குக் காரணம், அவன் முறை வரும் நேரத்தில் அவனைக் கடைக்கு அனுப்பிவிடுவதுதான்.

உஸ்தாத் அவர்கள் மெதுவாகச் சொன்னார்கள்: "வீட்டில் சொன்னதை அந்தப் பிள்ளைகள் வாயால் கேட்டார்கள். நீங்கள் செய்ததைக் கண்ணால் பார்த்தார்கள். அடி மட்டும் அவர்களுக்கு ஏன் தம்பி?"

முகம் சுளித்ததற்கு வந்த வசனங்கள்

ஆசிரியர் என்பவர் தம்மைத்தாமே சோதித்துக் கொள்ள வேண்டும் என்பதற்குத் திருமறையின் 80-ஆவது அத்தியாயமே போதுமானது. மக்காவில் குறைஷித் தலைவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் மார்க்கத்தை எடுத்துரைத்துக் கொண்டிருந்தார்கள். தலைவர்கள் திருந்தினால் ஊரே திருந்துமே என்ற பேராவல். அந்நேரத்தில் கண்பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் அறிவுரை நாடி வந்தார்கள். பேச்சு இடையில் தடைப்பட்டதால் நபியவர்களின் முகம் சற்றே மாறியது. வந்தவரால் அந்த முகத்தைப் பார்க்கவும் முடியாது. ஆயினும் அல்லாஹ் வசனங்களை இறக்கி, ஆர்வத்தோடு தேடி வந்தவரின் மதிப்பை உணர்த்தினான்.

அதன்பின் நபி (ஸல்) அவர்கள் அந்தத் தோழரைப் பெரிதும் கண்ணியப்படுத்தினார்கள். பிலால் (ரலி) அவர்களோடு இவர்களும் மதீனாவில் முஅத்தினாக விளங்கினார்கள். நபியவர்கள் பயணம் புறப்பட்டபோது மதீனாவின் பொறுப்பை இவர்களிடம் ஒப்படைத்துச் சென்றதும் உண்டு. மறைத்துவிட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திராத அந்த வசனங்களை நம் நாயகம் (ஸல்) அவர்கள் உலகமெல்லாம் ஓதும்படி விட்டுச் சென்றார்கள். அவர்களுக்கே இந்த உணர்த்துதல் என்றால், நாம் எம்மாத்திரம்?

உள்ளத்தில் ஒட்டியிருக்கும் ஜாஹிலிய்யா

"நாங்கள் தொழுகிறோம், நோன்பு வைக்கிறோம்; எங்களிடம் இந்தப் பேதம் கிடையாது" என்று சொல்லிவிடுவது எளிது. அபூதர் (ரலி) அவர்கள் இஸ்லாத்தை முதன்முதலில் ஏற்ற சிலரில் ஒருவர். அப்படிப்பட்டவர்கள் ஒரு கோப வேளையில் ஒருவரை அவருடைய தாயாரைச் சொல்லிப் பழித்துவிட்டார்கள். பழிக்கப்பட்டவர் பிலால் (ரலி) அவர்களே என்று விரிவுரையாளர்கள் கூறுவர். செய்தி எட்டியதும் நபி (ஸல்) அவர்கள், உம்மிடம் இன்னும் அறியாமைக் காலத்துத் தன்மை இருக்கிறது என்று அபூதர் அவர்களிடமே சொன்னார்கள். பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள். நீங்கள் உண்பதையே உண்ணக் கொடுங்கள், உடுத்துவதையே உடுத்தக் கொடுங்கள் என்றும் போதித்தார்கள். இது புகாரி ஷரீபில் பதிவாகியுள்ளது.

அபூதர் (ரலி) அவர்கள் செய்தது என்ன? ஆண்டுகள் பல கழிந்து ரபதா என்னுமிடத்தில் அவர்களைக் கண்ட ஒருவர், அவர்களும் அவர்களுடைய பணியாளரும் ஒரேவகை ஆடை அணிந்திருப்பதைப் பார்த்து வியந்து காரணம் கேட்டார். அப்போதுதான் தம் தவற்றையும், தமக்குக் கிடைத்த கண்டிப்பையும் அவர்களே எடுத்துச் சொன்னார்கள். ஒரு சொல்லுக்காகத் தம் வாழ்நாள் வழக்கத்தையே மாற்றிக்கொண்டார்கள்!

நம் நிலை என்ன? 1981-ஆம் ஆண்டு, இன்றைய தென்காசி மாவட்டத்தில் உள்ள மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கணக்கானோர் இஸ்லாத்தைத் தழுவியபோது, எங்கள் மார்க்கத்தில் சாதி இல்லை என்று நாம் மேடைதோறும் பெருமையோடு முழங்கினோம். பெருமைக்குரியதுதான். ஆனால் மேடையில் முழங்கியதை மக்தபின் பாயில் காட்டினோமா? கல்யாணப் பந்தலில் காட்டினோமா? பட்டப்பெயர் சூட்டி அழைக்காதீர்கள், ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரை ஏளனம் செய்யாதீர்கள் என்று ஹுஜுராத் அத்தியாயம் (49:11) தடுத்திருக்க, ஒரு பிள்ளையை அவன் பெயரால் அழைக்காமல் தந்தையின் தொழிலால் அழைக்கும் வீடுகள் எத்தனை!

ஓரத்தில் நிற்பவன் யாரென்று யாருக்குத் தெரியும்? அதாஉ இப்னு அபீரபாஹ் (ரஹ்) அவர்கள் கறுத்த நிறத்தவர், கால் ஊனமுற்றவர், அடிமைத்தளையிலிருந்து வந்த குடும்பம். அவர்கள்தாம் மக்கமா நகரின் பெரும் முஃப்தியாக விளங்கினார்கள். கலீஃபாவும் தம் மக்களோடு அவர்கள் முன் காத்திருந்து சட்டம் கேட்டுச் சென்றதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர்.

நாற்பது முறை சொன்ன இமாம்

இனி, பாடத்தில் நாட்டமில்லாத, அல்லது பாடம் விளங்காத பிள்ளைகளின் விஷயம். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களிடம் ரபீஉ இப்னு சுலைமான் என்றொரு மாணவர் இருந்தார். விளங்குவதில் சற்று மெதுவானவர். ஒரு மஸ்அலாவை இமாமவர்கள் நாற்பது முறை சொல்லியும் அவருக்குப் புரியவில்லை. வெட்கத்தால் சபையை விட்டு எழுந்து போய்விட்டார். இமாமவர்கள் அவரைத் தனியே அழைத்து, விளங்கும் வரை மீண்டும் மீண்டும் சொல்லிக் கொடுத்தார்கள் என்று அறிஞர்கள் எழுதி வைத்துள்ளார்கள். அந்த மெதுவான மாணவர்தான் இமாமவர்களின் 'அல்உம்மு' என்னும் பெருநூலைப் பின்வந்தோருக்கு அறிவித்துத் தந்தவர். இன்று நம் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர், அந்த நாற்பத்தோராவது முறைக்கும் கடமைப்பட்டவர்கள்.

அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வியாழக்கிழமைதோறும் மட்டும் உபதேசம் செய்வார்கள். தினமும் செய்யலாமே என்று கேட்டதற்கு, உங்களுக்குச் சலிப்பு உண்டாக்க நான் விரும்பவில்லை. நபியவர்களும் எங்கள் விஷயத்தில் அப்படித்தான் நேரம் பார்த்து உபதேசித்தார்கள் என்றார்கள். முஆவியா இப்னு ஹகம் (ரலி) என்ற தோழர் அறியாமல் தொழுகைக்கிடையே பேசிவிட்டார். தொழுகை முடிந்ததும் நபி (ஸல்) அவர்கள் கடுகடுக்கவில்லை, அடிக்கவில்லை, ஏசவில்லை; தொழுகையில் மனிதப் பேச்சுக்கு இடமில்லை என்று விளக்கினார்கள். அவர்களைவிடச் சிறந்த ஆசிரியரை முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை என்று அந்தத் தோழர் வாழ்நாளெல்லாம் சொன்னார்.

நாம் செய்ய வேண்டியது

உஸ்தாதுமார்களே! நம் பிரம்பைப் பார்ப்பதற்கு முன் நம் வழக்கத்தைப் பார்ப்போம். யாரை வேலை ஏவுகிறோம், யாரை ஓதச் சொல்கிறோம், யாருடைய பெயர் நமக்குத் தெரியாது என்று ஒவ்வொரு வாரமும் எண்ணிப் பார்ப்போம். பாய் விரிப்பது முறை வைத்து நடக்கட்டும். நிர்வாகியின் மகனுக்கும் முறை வரட்டும். அரைமணி நேரப் பாடம் ஆர்வத்தோடு நடந்தால், இரண்டு மணி நேரச் சலிப்பைவிட அது மேல்.

பெற்றோர்களே! பிள்ளையின் காதில் நாம் பாங்கு சொன்னோம். அதே காதில், 'அவனோடு சேராதே' என்பதையும் நாமே சொல்கிறோம். எது நிலைக்கும்? வாரத்தில் ஒரு நாள் கைபேசியைக் கீழே வைத்துவிட்டு, மகனையும் மகளையும் பக்கத்தில் உட்கார வைத்து, "இன்று என்ன ஓதினாய்? பக்கத்தில் யார் இருந்தார்?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்வியும் மார்க்கக் கல்விதான்.

ஜமாஅத் நிர்வாகிகளே! பத்ருப் போரில் பிடிபட்டு, மீட்புப் பணம் கொடுக்க இயலாத கைதிகளை, அன்ஸாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதையே ஈடாக வைத்து நபியவர்கள் விடுவித்தார்கள். பகைவனின் கல்விக்குக்கூட அத்தனை மதிப்பு! நம் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவரின் சம்பளத்தையும் கண்ணியத்தையும் அந்த அளவுகோலால் ஒருமுறை அளந்து பாருங்கள்.

நான் அந்த ஊருக்குத் திரும்பிப் போனேன். முதலில் அந்தச் சிறுவனிடம், என் தவற்றைச் சொல்லி வருத்தம் தெரிவித்தேன். பின்பு அடிபட்ட இரு பிள்ளைகளின் வீட்டுக்கும் போய், அடித்ததற்காக வருந்துகிறேன் என்றேன். இடம் மட்டும் மாறாது என்பதையும் சொல்லிவிட்டேன். ஒரு பிள்ளை மூன்றாம் நாள் வந்தான். மற்றவன் நான் அவ்வூரில் இருந்த வரையில் வரவேயில்லை. அந்தச் சிறுவன் குர்ஆனை ஓதி முடித்த அன்று அவன் தந்தை தம் கையாலேயே நார்சா வழங்கினார். திரும்பி வந்த பிள்ளையின் தகப்பனார் இரு கையாலும் வாங்கிக்கொண்டார். வராத பிள்ளைக்காக நான் இன்றும் துஆச் செய்கிறேன். அந்தப் பிள்ளையின் இழப்பில் என் பிரம்புக்கும் பங்குண்டு என்ற அச்சம் என்னை விடவில்லை.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் காதுகளை உன் வேதத்துக்குத் திறந்து வைப்பாயாக! எங்கள் நெஞ்சங்களிலிருந்து பெருமையைக் கழுவி அகற்றுவாயாக! ஓதிக்கொடுப்போருக்குப் பொறுமையையும், தம் குறையைத் தாமே காணும் கண்ணையும் தந்தருள்வாயாக! ஆமீன்! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்.