காமன் விழா உணர்த்தும் மனத்திடம்



மாசி மாத வளர்பிறையில் மலையகத் தோட்டங்களில் காமன் கம்பம் ஊன்றப்படுகின்றது. கந்தபுராணம் கூறும் காமதகனமே இவ்விழாவின் கரு. சூரபன்மனின் கொடுமை தாங்காத தேவர்களின் வேண்டுதலால், யோகத்தில் அமர்ந்திருந்த சிவபெருமான் மீது மன்மதன் மலர்க்கணை தொடுத்தான். நெற்றிக்கண் திறந்தது, அவன் சாம்பலானான்.

தகனத்தின் பின் ரதி புலம்பும்போது கூடியிருக்கும் தாய்மார் கண் கலங்குவர். அவர்கள் அழுவது ரதிக்காக மாத்திரமா? 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் உறவுகளைப் பிரித்துச் சென்ற புகையிரதத்தை நம்மவர்கள் 'அழுகைக் கோச்சி' என்றே அழைத்தனர். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதையுண்டன. 2025 நவம்பரில் டித்வா புயலின் மண்சரிவுகள் மலைநாட்டில் பல உயிர்களைக் கொண்டு சென்றன. இவற்றோடு கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், கடன், பிள்ளைகளின் படிப்புச் செலவு என்று நாளாந்தக் கவலைகள் வேறு.

ரதி காட்டும் வழி மூன்று. அவள் துயரை மறைக்கவில்லை, வாய்விட்டுச் சொன்னாள். அவள் தனியே அழவில்லை; இன்றும் தோட்டமே அவளோடு விழித்திருக்கின்றது. அவள் இறைவனின் திருவடியை விடவில்லை.

இறைவன் மன்மதனை எழுப்பித் தந்தார். ஆனால் பழைய உடம்போடு அன்று. ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரியும் அனங்கனாகத் தந்தார். இதன் பொருள் ஆழமானது. இழந்தது இழந்தபடியே திரும்புவதில்லை. எனினும் வாழ்வு மீண்டும் எழுகின்றது. காமன் விழாவும் தகனத்தோடு முடிவதில்லை. உயிர் எழுப்புதலோடுதான் நிறைவுறுகின்றது.

துயரை மதுவில் மறைக்க முற்படுபவர் துயரத்தோடு கடனையும் சேர்த்துக்கொள்கின்றார். அடுத்த காம்பராவில் ஒருவர் பேச்சின்றி ஒடுங்கியிருந்தால் அவரை அழைத்து, ஒரு கோப்பை தேநீர் கொடுத்து, அவர் சொல்வதைக் கேட்பதும் அம்மனுக்குச் செய்யும் தொண்டே. நித்திரையின்மையும் எதிலும் பிடிப்பின்மையும் வாரக்கணக்கில் நீடித்தால் ஆஸ்பத்திரிக்குச் செல்லத் தயங்கலாகாது. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். காய்ச்சலுக்கு மருந்து எடுப்பவர் அம்மனை நம்பாதவர் ஆவதில்லை; மனநோவுக்கும் அவ்வாறே.

சாம்பலிலிருந்து எழுப்பும் அருள், சோர்ந்த உள்ளங்கள் அனைத்தையும் எழுப்புவதாக!

சுபம்.