கொல்லன் திறந்த கதவு

ராசிபுரத்தில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். முப்பத்து நான்கு ஆண்டுகள் கணக்கு வாத்தியாராகவும், பிறகு தலைமையாசிரியராகவும் இருந்து ஓய்வு பெற்றவர். வரவு செலவில் ஒரு ரூபாய் உதைத்தால் அதைக் கண்டுபிடிக்காமல் இலையில் உட்காரமாட்டார் என்று அவருடைய மனைவியே சொல்லுவார். அப்படிப்பட்டவர் 2025 ஜனவரியில் இரண்டு பகலும் ஓர் இரவும் தம் வீட்டு அறைக்குள்ளேயே கைதியாக இருந்தார். காவலுக்கு இருந்தது ஒரு கைப்பேசி.

கதை இப்போது எல்லாருக்கும் தெரிந்த கதைதான். அவர் பெயரில் வெளிநாட்டுக்குப் போன பார்சலில் போதைப் பொருள் அகப்பட்டதாம். மும்பையிலிருந்து போலீஸ் அதிகாரி பேசுகிறாராம். வீடியோவில் காக்கிச் சட்டை, பின்னால் கொடி, மேஜையில் கோப்புகள். "உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம். கேமராவை அணைக்கக் கூடாது. மனைவியிடமும் வாய் திறக்கக் கூடாது. பாங்கியில் உள்ளதையெல்லாம் நாங்கள் சொல்லும் கணக்குக்கு மாற்றுங்கள், சரிபார்த்துத் திருப்பி அனுப்புவோம்." அப்படி ஒரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் எந்த மூலையிலும் கிடையாது. 2024 அக்டோபர் 27-ஆம் தேதி பிரதமரே தம் வானொலிப் பேச்சில் இதைச் சொல்லி எச்சரித்தார். என் நண்பர் அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்தவர். படித்திருந்தும் பதினெட்டு லட்ச ரூபாயை அனுப்பிவிட்டார். அறிவு வேறு, அச்சம் வேறு. இரண்டும் ஒரே வீட்டில் குடியிருந்தாலும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்வதில்லை போலும்.

ஊரில் செய்தி பரவியபோது டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து நானும் காது கொடுத்தேன். "படிச்ச மனுஷன் இப்படியா ஏமாறுவாரு?" என்றார் ஒருவர். "மடியிலே கனம் இருந்திருக்கும், அதான் வழியிலே பயம்" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் சீனா, வடகொரியா, அமெரிக்கா என்று பூமியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இது வல்லரசுகளின் சதி என்று முடித்துவிட்டு, இன்னொரு டீக்குச் சொன்னார்.

அதே பெஞ்சில் மார்ச் மாதம் வேறொரு செய்தி அடிபட்டது. மியான்மரில் மோசடிக் கூடாரங்களில் சிக்கியிருந்த இந்தியர்கள் 549 பேரை 10, 11 தேதிகளில் விமானப்படை விமானங்கள் தாய்லாந்து எல்லையிலிருந்து அழைத்து வந்திருந்தன. "திருடப் போன பசங்களுக்கு ராணுவ விமானம் ஒரு கேடா?" என்றார் அதே மனிதர். ஏமாந்தவருக்கும் பேராசை என்று தீர்ப்பு. ஏமாற்றியவனுக்கும் பேராசை என்று தீர்ப்பு. நம் பெஞ்சு நீதிபதிகள் வழக்கை ஒத்திவைக்கும் வழக்கமே இல்லை.

அங்கே நடப்பது என்ன என்பதைச் சற்றே சொல்ல வேண்டும். பாங்காக்கிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 500 கிலோமீட்டரில் மே சோட் என்ற ஊர். அதை ஒட்டி மோய் ஆறு. கோடையில் நம் திருமணிமுத்தாற்றைப் போல் இறங்கி நடந்துவிடலாம். அக்கரை மியான்மர் நாட்டு மியாவாடி. அங்கே அரசாங்கத்தின் கை எட்டுவதில்லை. ஆயுதக் குழுக்கள் வைத்ததுதான் சட்டம். அவர்கள் நிழலில் கே.கே. பார்க் போன்ற வளாகங்கள் எழுந்தன. சுற்றிலும் முள்வேலி, உள்ளே மாடி மாடியாக கம்ப்யூட்டர்கள், உலகத்தையே வலை வீசிப் பிடிக்கும் தொழில். வலை வீசுகிறவர்களில் பெரும்பாலோர் தாங்களே வலையில் விழுந்தவர்கள். மியான்மரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேரும், கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இப்படிக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கப்படலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் மதிப்பிட்டது. நமக்கு இது புதிதும் அல்ல. 2022 அக்டோபரிலேயே மியாவாடியிலிருந்து மீட்கப்பட்ட தமிழ் இளைஞர்கள் 13 பேர் சென்னையில் வந்து இறங்கினார்கள்.

சங்ககிரியில் வழக்கறிஞராக இருக்கும் நண்பர் ஒருவரின் அறையில் அப்படித் திரும்பிவந்த ஒரு பையனைப் பார்த்தேன். பள்ளிபாளையத்துப் பக்கம். அப்பா கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறவர். இந்தச் சமவெளியில் கல்வியும் ஒரு பண்ணைத் தொழில்தானே! விடுதியில் பூட்டி வைத்து மதிப்பெண் வளர்க்கும் பள்ளிகளுக்கு நம் ஜனங்களே 'பிராய்லர் பள்ளி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிறகு பொறியியல் கல்லூரி, கல்விக் கடன், வேலையின்மை. 'தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, மாதம் எண்பதாயிரம்' என்று ஓர் ஏஜெண்டு ஒன்றரை லட்சம் வாங்கிக்கொண்டு விமானம் ஏற்றினான். நான்காம் நாள் இரவு பையன் ஆற்றைக் கடந்தான். பாஸ்போர்ட்டும் கைப்பேசியும் அன்றே போயின.

"எங்க மாடியிலே அமெரிக்காக்காரங்கதானுங்க. பொம்பளைப் பேருலே சாட் பண்ணோணும். மொதல் வாரம் மாட்டேன்னு சொன்னேனுங்க. கரண்ட் ஷாக் வெச்சாங்க" என்றான். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

"அப்புறம்?"

"அப்புறம் பண்ணுனேனுங்க." சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு, நான் கேட்காமலே சொன்னான்: "நாலாவது மாசம் எனக்கு நல்லா வந்துருச்சுங்க. டார்கெட் முடிச்சா மத்தவங்க முன்னாலே கைதட்டுவாங்க. அன்னிக்குச் சந்தோஷமாத்தானுங்க இருந்துச்சு."

ஷாக் வைத்ததைச் சொன்னபோது நிமிர்ந்திருந்த தலை இதைச் சொன்னபோது குனிந்துவிட்டது.

வழக்கறிஞர் நண்பர் எழுந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். 1860-ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தில் 94-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 32-ஆம் பிரிவு. எண் மாறியதே தவிர விஷயம் மாறவில்லை. உடனே உயிர் போய்விடும் என்ற மிரட்டலுக்கு ஆட்பட்டு ஒருவன் செய்த காரியம், கொலை போன்ற சில நீங்கலாக, குற்றமாகாது. இதற்கு அந்தச் சட்டமே ஓர் உதாரணம் சொல்கிறது. கொள்ளைக் கூட்டம் ஒரு கொல்லனைப் பிடித்துப் போகிறது. உயிர்ப் பயம் காட்டி, அவனுடைய ஆயுதங்களாலேயே ஒரு வீட்டின் கதவைத் திறக்கச் செய்கிறது. உள்ளே புகுந்து கொள்ளையடிக்கிறது. கொல்லன் குற்றவாளி அல்லன்.

கஞ்சமலை இரும்பும், திருச்செங்கோட்டு ரிக் வண்டியும், நாமக்கல் லாரிப் பட்டறையும் உள்ள நாட்டில் பிறந்தவனுக்கு அந்த உதாரணம் மனத்தில் பதியாமல் இருக்குமா? இத்தனை தொழிலாளிகள் இருக்கக் கொல்லனை ஏன் எடுத்தார்கள்? கொள்ளைக்காரனிடம் இல்லாத ஒன்று, கதவு திறக்கும் வித்தை, அவனிடம் இருக்கிறது. இந்தப் பையனிடம் இருந்ததும் அதுதான்: ஆங்கிலமும், கம்ப்யூட்டரும், நயமாகப் பேசும் வாயும். பெற்றவர்கள் தறி ஓட்டி வாங்கிக் கொடுத்த ஆயுதங்கள்.

ஆனால் சட்டம் அதே மூச்சில் இன்னொன்றும் சொல்கிறது என்று நண்பர் காட்டினார். தானாகவோ, அடிக்குப் பயந்தோ, இன்னாரென்று தெரிந்தே கொள்ளைக் கூட்டத்தில் போய்ச் சேர்ந்தவனுக்கு இந்தச் சலுகை இல்லை. உயிர்ப் பயம் வேண்டும், அதுவும் அந்தக் கணத்திலேயே வேண்டும். "மின்சார அதிர்ச்சி அடியா, சாவா? கோர்ட்டிலே கேட்பாங்களே" என்றார்.

அந்தக் கேள்வி வழக்கறிஞர்களுக்கு. எனக்கு வேறொரு சங்கடம். சட்டத்தில் வரும் கொல்லன் ஒரே ஒரு கதவைத் திறந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறான். நூறாவது கதவைத் திறந்த கொல்லனைப் பற்றி அது பேசவில்லை. கை பழகிவிடுகிறது. வித்தைக்கு வேலை கிடைத்த மகிழ்ச்சிகூட வந்துவிடுகிறது. பையன் இன்னொன்றும் சொன்னான்: "ஊர்லேர்ந்து ரெண்டு பேரைச் சேத்துவிட்டா அனுப்பிடறோம்னாங்க. கூடப் படிச்சவனுக்கு மெசேஜ் டைப் பண்ணுனேனுங்க. அனுப்பலை." நான் நம்பினேன். நம்ப விரும்பினேன் என்று சொல்வது இன்னும் சரியாக இருக்கும்.

இவனை மன்னிப்பதா தண்டிப்பதா என்று நாம் பெஞ்சில் உட்கார்ந்து தலையை உடைத்துக்கொள்ளும்போது, வீட்டுக்குள் புகுந்து அள்ளியவர்கள் எங்கோ சௌக்கியமாக இருக்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. எல்லை நகரங்களுக்குத் தாய்லாந்து மின்சாரத்தை நிறுத்தியது 2025 பிப்ரவரியில்தான். அதற்கு முந்தின மாதம் ஒரு சீன நடிகர் கடத்தப்பட்டு மீட்கப்பட்டார். அது பெரிய பரபரப்பானது, சீனா முடுக்கிற்று. தறிக்காரர் மகனுக்காக எந்த நாடும் எந்த ஊரின் மின்சாரத்தையும் நிறுத்தியிருக்காது. அதே ஆண்டு அக்டோபரில் கம்போடியாவில் பெரும் தொழிலதிபராக விளங்கிய சென் ஷி மீது அமெரிக்கா வழக்குத் தொடுத்தது. அந்த வழக்கில் அது முடக்கிய பிட்காயின் மட்டும் அன்றைய மதிப்பில் சுமார் 1,500 கோடி டாலர். நம் வாத்தியாரின் பதினெட்டு லட்சங்கள் எத்தனை ஆயிரம் சேர்ந்தால் இப்படி ஒரு குவியலாகும்!

இதையெல்லாம் ராசிபுரம் நண்பரிடம் போய்ச் சொன்னேன். ஆறுதலாக இருக்கும் என்று எண்ணினேன். அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

இரண்டாம் நாள் காலையில் அவர் துணிந்து மறுத்துவிட்டாராம். இந்தியிலும் ஆங்கிலத்திலும் அதட்டிய காக்கிச் சட்டைக்காரன் விலகிப் போனான். படம் இல்லாமல் ஒரு தமிழ்க் குரல் வந்தது. "ஏனுங்க சார், பயப்படாதீங்க. சொல்றபடி செஞ்சுட்டீங்கன்னா சாயங்காலத்துக்குள்ளே முடிஞ்சுருமுங்க."

"முப்பத்து நாலு வருஷம் வகுப்பிலே கேட்ட பேச்சு ஐயா அது. நம்ம பக்கத்துப் பையன். பரீட்சையிலே பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து எழுதிவிட்டு நிற்பானே, அப்படி ஒரு நடுக்கம் குரலிலே. அதற்கு அப்புறம்தான் பணத்தை அனுப்பினேன்."

பணத்தை வாங்கிக்கொண்டது அந்த 'ஏனுங்க'தான்.

1930 என்ற எண்ணுக்கு அவர் அன்றே தகவல் சொன்னார். காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்தார். கணக்கு எண், நேரம், தொகை எல்லாம் வாத்தியார் கையெழுத்தில் வரிசையாக இருக்கின்றன. தமிழ்க் குரலைப் பற்றி ஒரு வரி இல்லை.

"ஏன் விட்டுவிட்டீர்கள்?"

"நம் பையன். போலீஸ் நம்மூரிலே தேட ஆரம்பித்தால் எந்த அப்பன் வீட்டு வாசலில் போய் நிற்குமோ! பணந்தான் போய்விட்டதே."

அவருடைய இரக்கத்தை நான் குறைத்துப் பேசவில்லை. பதினெட்டு லட்சத்தை இழந்தவனாக நான் இருந்தால் அந்தக் குரலைச் சபித்திருப்பேன். ஆனாலும் அவர் செய்தது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தக் குரலின் சொந்தக்காரன் சம்பளத்துக்குத் திருடுகிறவனாக இருந்தால், அவனை மறைப்பது அடுத்த வாத்தியாருக்குச் செய்யும் துரோகம். பிடித்துப் போகப்பட்ட கொல்லனாக இருந்தால் விஷயம் இன்னும் மோசம். பாஸ்போர்ட் பறிபோய், கைப்பேசி பறிபோய், வேலிக்குள் இருக்கிறவன் வெளி உலகத்துக்குத் தான் யார் என்று காட்டிய ஒரே அடையாளம் அந்தப் பேச்சு வழக்காக இருக்கலாம். அதை வாங்கி வைத்துக்கொண்டு இவர் பெட்டியில் பூட்டிவிட்டார். சேலம் நாமக்கல் பக்கத்துப் பையன் ஒருவன் அங்கே இருக்கிறான் என்று ஒரு காகிதத்தில் பதிவானால்தானே, காணாமற்போனவர்கள் பட்டியலோடு யாராவது ஒருநாள் அதை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்?

இதைச் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இத்தனை மாதம் கழித்தா? அவன் அங்கேயே உட்கார்ந்திருப்பானா?" என்றார். இருக்கலாம் என்றேன். 2025 அக்டோபரில் மியான்மர் ராணுவம் கே.கே. பார்க்கில் புகுந்தபோது 1,500 பேருக்கு மேல் ஆற்றைத் தாண்டி ஓடிவந்தார்கள். நவம்பரில் மறுபடியும் நம் விமானங்கள் போய் நூற்றுக்கணக்கானவர்களைக் கொண்டுவந்தன. மார்ச்சோடு தீர்ந்ததென்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோமே!

"பிடிபட்டால் தண்டனை வாங்கிக் கொடுத்தவனாக ஆவேனே" என்றார். ஆகலாம் என்றுதான் நானும் சொன்னேன். சட்டத்தின் கொல்லனுக்குக் கிடைத்த நியாயம் அவனுக்கும் கிடைக்கும் என்று சத்தியம் செய்ய என்னால் முடியவில்லை.

பத்து நாள் அவரிடமிருந்து பேச்சில்லை. சென்ற புதன்கிழமை காலையில் தாமே கூப்பிட்டார். இருவரும் நாமக்கல்லுக்குப் பஸ் ஏறினோம். மடிமேல் பையை வைத்து, அதன்மேல் தாளை வைத்து, வண்டியின் குலுக்கலிலேயே எழுதிக்கொண்டு வந்தார். ஒரு வார்த்தையில் மட்டும் பேனா நின்று நின்று போயிற்று. 'தமிழில் பேசிய குற்றவாளி' என்று எழுதி அடித்தார். 'நபர்' என்று எழுதி அதையும் அடித்தார்.

சைபர் கிரைம் காவல் நிலையத்தில் இருந்த இளம் அதிகாரி தாளை வாங்கிப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "பையன்னு எழுதியிருக்கீங்களே, வயசு எப்படி சார் தெரியும்?"

"குரல்" என்றார் நண்பர். அந்த 'ஏனுங்க சார்' என்பதை அப்படியே அதே ராகத்தில் சொல்லிக் காட்டினார். அதிகாரி அதையும் குறித்துக்கொண்டார்.