எந்த வேலை, எவர் கைக்கு?

பண்பொழியில் திருமலைக் குமாரசாமி கோயில் படிகளில் பாதி தூரம் ஏறித் திரும்பிப் பார்த்தால் கீழே வயலும் தென்னந்தோப்பும் விரிந்து கிடக்கும். நடவுக் காலமானால் வரிசையாகக் குனிந்து நிற்கும் பெண்கள் புள்ளி புள்ளியாகத் தெரிவார்கள். அது சுலபமான வேலை என்று நினைக்கிறவர்கள் ஒரு தடவை சேற்றில் இறங்கிப் பார்க்கலாம். நாற்றை அதிகம் அமுக்கினால் தூர் கட்டத் தாமதமாகும். மேலாக வைத்தால் தண்ணீரில் மிதந்துவிடும். குத்துக்கு எத்தனை நாற்று, எவ்வளவு இடைவெளி என்பதையெல்லாம் விரல்களே தீர்மானித்துக்கொள்ளும். வாய் பாட்டுக்கு ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும்.

திறமை என்பது இதுதான். இப்போது பள்ளிக்கூடம் முதல் பல்கலைக்கழகம் வரை மூச்சுக்கு மூச்சு சொல்லப்படும் வார்த்தையும் இதுதான். பையன் என்ன படித்தான் என்று கேட்காதே, அவனுக்கு என்ன செய்யத் தெரியும் என்று கேள் என்கிறார்கள். நல்ல கேள்வி. மின்சாரப் பாடத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிய பையன் வீட்டில் ஃப்யூஸ் போனால் இருட்டில் உட்கார்ந்திருப்பதை நாம் பார்க்காமலா இருக்கிறோம்? 2022 மார்ச்சில் தமிழக அரசு ‘நான் முதல்வன்’ திட்டத்தைக் கொண்டுவந்ததும் இந்தக் குறையை நினைத்துத்தான். இதே தென்காசிச் சீமையில் மத்தளம்பாறைக்கு வந்து சேர்ந்த ஸோஹோ நிறுவனம், பள்ளிப் படிப்பு முடிந்த பிள்ளைகளிடம் பட்டம் கேட்காமல், உதவித்தொகையும் கொடுத்து மென்பொருள் எழுதக் கற்றுத்தருகிறது. 2005-ல் ஆரம்பித்த ஏற்பாடு அது. பட்டம் என்ற காகிதத்துக்கு நாம் கொடுக்கும் மரியாதையில் பாதி வீண் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆனால், செய்யத் தெரியுமா என்ற கேள்விக்குள் இன்னொரு கேள்வி பதுங்கியிருக்கிறது. எந்த வேலையை?

1953-ல் ராஜாஜி அதற்கு ஒரு விடை சொன்னார். கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் படிப்பு மூன்று மணி நேரம். மிச்ச நேரம் பிள்ளை வீட்டுத் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்றார். பள்ளிக்கூடம் போதவில்லை, பணம் போதவில்லை. இருக்கிற வாத்தியாரைக் கொண்டே இரண்டு வேளை நடத்தினால் இன்னும் பல பிள்ளைகள் படிக்கலாம். கணக்கு சரியாகத்தான் இருந்தது. எதிர்த்தவர்கள் அதற்குக் குலக்கல்வி என்று பெயர் வைத்தார்கள். ராஜாஜி பதவி விலகி, 1954-ல் காமராஜ் வந்ததும் திட்டம் போயிற்று. கைத்தொழில் இழிவென்றா எதிர்த்தார்கள்? இல்லை. காந்தியடிகள் 1937-ல் வார்தாவில் சொன்ன ஆதாரக் கல்வியும் கைத்தொழிலை நடுவில் வைத்ததுதான். அங்கே எல்லாப் பிள்ளை கையிலும் ஒரே ராட்டை. இங்கே அவனவன் கையில் அவனவன் அப்பன் பிடித்த கருவி. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது சின்ன வித்தியாசம் அல்ல.

இன்றைக்கு அப்பன் தொழிலைச் செய் என்று யாரும் சொல்வதில்லை. சோதித்துப் பார்க்கிறார்கள். நடவுக்காரியின் மகனைப் பதினைந்து வயதில் உட்காரவைத்து அளந்தால் என்ன தெரியும்? கைத்திறன் நன்று, கணக்கு சுமார், இங்கிலீஷ் பேசக் கூச்சம். அத்தனையும் உண்மை. அளந்தவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. வீடு கொடுத்ததை அவர் அளந்துவிட்டு, பையனுடைய சுபாவம் என்று எழுதிவைக்கிறார். 1953-ல் உத்தரவு போட்டும் நடக்காதது இப்போது மதிப்பெண் பட்டியலில் சத்தமில்லாமல் நடந்துவிடுகிறது.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளை மூன்று வருஷம் வயலினைக் கீச்சிடவைத்தாலும் ‘கற்றுக்கொள்கிறான்’ என்போம். ஏழைப் பிள்ளை ஒரு வருஷம் தடுமாறினால் ‘இவனுக்கு இது வராது’. ஒரு வேலையை மோசமாகச் செய்துகொண்டே இருப்பதற்கு வேண்டிய அவகாசம்தான் கல்வியில் மிகவும் விலை கூடிய சரக்கு. அதை எந்தத் திட்டத்திலும் எவரும் கணக்குப் போட்டு நான் பார்த்ததில்லை.

கைத்தொழில் உயர்ந்தது என்று மேடையில் பேசுகிறவர்களை நம்பலாமா என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 1978-ல் பிளஸ் டூ வந்தபோது கூடவே தொழிற்கல்விப் பிரிவும் வந்தது. அதில் எவர் வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்தார்கள் என்பது ஊரறிந்த விஷயம். டாக்டர் வீட்டுப் பையன் மார்க் இருந்தும் ஆசைப்பட்டு அங்கே போய் உட்கார்ந்தான் என்று நான் கேள்விப்பட்டதில்லை.