பந்தயமும் பாடும்

சென்ற தை மாதத்தில் பழவேற்காட்டுக்குப் போயிருந்தேன். பூநாரைகளைப் பார்ப்பது என்று பெயர். உண்மையில் என் தமக்கை மகனுக்குத் துணையாகப் போனேன். அவன் இஞ்சினீயர். பாய்மரப் படகுப் பந்தயம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். நான் அவனோடு போன இடங்களிலெல்லாம் அவன் பேச்சு ஒரே பேச்சுத்தான்: தண்ணீரை விட்டு எழும் படகு.

அந்த விந்தையை வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். படகின் அடியில், நீருக்குள், ஆகாய விமானத்தின் இறக்கையைப் போல ஒன்றைப் பொருத்துகிறார்கள். ஹைட்ரோஃபாயில் என்று அதற்குப் பெயர். காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய எண்ணூறு மடங்கு அடர்த்தியானது; ஆகவே விமானத்துக்கு வேண்டிய அளவு பெரிய இறக்கை இதற்கு வேண்டாம். கொஞ்சம் வேகம் பிடித்ததும் அந்தச் சிறிய இறக்கையே படகு முழுவதையும் மேலே தூக்கிவிடும். படகின் வயிறு தண்ணீரைத் தொடாதபோது அதைப் பிடித்து இழுக்கத் தண்ணீர் ஏது? காற்றின் வேகத்தையும் மிஞ்சிக்கொண்டு பறக்கிறது.

எங்களை ஏரிக்குள் அழைத்துப் போன பெரியவருக்கு எழுபது வயதிருக்கும். மருமகன் தன் கைபேசியில் அந்தப் படகு பறக்கும் படத்தை அவருக்குக் காட்டினான். அவர் கழியை ஊன்றி நிறுத்திவிட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

“ரொம்ப நல்லாத்தான் இருக்குது, தம்பி. இது ஓட எம்மாந் தண்ணி வேணும்?”

“ஆளுக்கு மேல் ஆழம் வேண்டும்.”

பெரியவர் சிரித்தார். கழியைத் தூக்கி ஈரம் ஏறியிருந்த இடத்தைக் காட்டினார். இடுப்பளவுகூட இல்லை. பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி அப்படித்தான்.

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் மருமகன் சொன்ன இன்னொரு கதை என்னை விடவில்லை. 2013-ல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் அமெரிக்கா கோப்பைப் பந்தயம் நடந்தது. எழுபத்திரண்டு அடி நீளமுள்ள இரட்டை உடல் படகுகள். கேடமரான் என்கிறார்கள், பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனது, உருவந்தான் சம்பந்தமில்லை. விதிகளை எழுதியவர்கள், இவ்வளவு பெரிய படகு தண்ணீரை விட்டு எழும் என்று எதிர்பார்க்கவில்லை. நியூஸிலாந்துக்காரர்கள் விதியின் ஓர் எழுத்தையும் மீறாமல் எழுப்பிக் காட்டினார்கள். அமெரிக்கக் கட்சியும் விடவில்லை. எட்டுக்கு ஒன்று என்று பின்தங்கியிருந்தவர்கள், பந்தய நாட்களுக்கு இடையிலேயே படகைத் திருத்தித் திருத்தி, ஒன்பதுக்கு எட்டு என்று கோப்பையைக் கொண்டு போனார்கள்.

இதில் ஜயித்தது யார்? சுக்கான் பிடித்தவனா, பட்டறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டவனா? பெரும் பணக்காரர்கள் விளையாட்டு, எப்படியாவது போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் மோத் என்று ஒரு சின்னப் படகு உண்டு. பதினோரு அடி நீளம், ஒருவர் ஓட்டுவது. அதில் ஒருவர் இரு பக்கமும் சாய்வாக இறக்கை வைத்துக்கொண்டு வந்தார். அது ஒற்றை உடல் படகுக்கு அடுக்காது என்று சங்கத்தார் தடுத்தார்கள். வேறு சிலர் நடுப்பலகையின் அடியிலும் சுக்கானின் அடியிலும் வைத்துக்கொண்டு வந்தார்கள். அதை அனுமதித்தார்கள். 2005-ல் இறக்கை வைத்த படகு உலகப் பந்தயத்தில் முதலாவதாக வந்தது. அதற்குப் பிறகு இறக்கை இல்லாதவனுக்கு அங்கே இடமில்லை.

யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. வாஸ்தவம். ஆனால் நேற்றுவரை நல்ல படகு வைத்திருந்த ஒருவன் காலையில் எழுந்து பார்க்கும்போது, படகில் ஓர் ஆணிகூடக் கழன்றிருக்கவில்லை, அவனும் ஒரு தவறும் செய்யவில்லை, இருந்தும் தோற்றுப்போயிருக்கிறான். யாரும் தப்புச் செய்யாத இடத்தில் அநியாயம் நடக்க முடியுமா? இதுதான் என்னைப் பிடித்துக்கொண்ட கேள்வி. இதை மருமகனிடம் கேட்டால், “மாமா, உங்களுக்கு எதையும் கதையாக்க வேண்டும்” என்றான்.

பழவேற்காட்டு மீனவர்கள் இந்தக் கேள்வியை வேறு விதமாகத் தீர்த்து வைத்திருக்கிறார்கள். பாடு என்று ஒரு முறை. இறால் வரும் நல்ல இடங்கள் ஏரியில் சிலவே, பெரும்பாலும் முகத்துவாரத்தை ஒட்டி. எந்த நாளில் எந்த இடத்தில் யார் சுத்து வலை போடுவது என்பதைச் சீட்டுப் போட்டு எடுக்கிறார்கள். கெட்டிக்காரன், சோம்பேறி என்ற வித்தியாசம் சீட்டுக்குத் தெரியாது. இன்று நல்ல இடம் கிடைத்தவனுக்கு நாளை மோசமான இடம். முறை மாறி மாறி வரும். பாடு என்ற சொல்லுக்கு நம் பாஷையில் உழைப்பு என்றும் துன்பம் என்றும் பொருள் உண்டு. இங்கே பங்கு என்றும் ஒரு பொருள் சேர்ந்துகொண்டது.

“உங்களில் ஒருவர் புதிதாக ஒரு தந்திர வலை கொண்டு வந்தால்?” என்று பெரியவரைக் கேட்டேன்.

“ஊருக்குச் சொல்லணுங்க. ஊரு ஒத்துக்கிட்டா எல்லாரும் போடலாம். இல்லாட்டி யாரும் போடக் கூடாது.”

எனக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. மருமகனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் சளைக்கவில்லை.

“ஊரைக் கேட்டுக்கொண்டே இருந்திருந்தால் நாம் இன்னும் மரக்கட்டையின் மேல்தான் மிதந்துகொண்டிருப்போம், மாமா. பெரியவரே, உங்கள் வீட்டில் கடலுக்குப் போகிறவர்கள் எதில் போகிறார்கள்?”

“என் பிள்ளை ஃபைபர் போட்டுலதான் போறான். எஞ்சின் வெச்சது.” பெரியவர் சங்கடப்படவில்லை. “கடலு பெருசு தம்பி. ஏரி சின்னது.”

இந்தப் பதிலை நான் இன்னும் அசைபோட்டுக்கொண்டிருக்கிறேன். இடம் அகலமாக இருக்கும்போது முந்துகிறவன் யாருடைய சோற்றையும் எடுப்பதில்லை. குறுகிய இடத்தில் முந்தினால் எடுக்கத்தான் செய்கிறான். ஆனால் கடல் உண்மையில் பெரிதுதானா? எஞ்சின்கள் பெருகப் பெருக அதுவும் ஏரியாகிவிடாதா? இதைப் பெரியவரிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. பெட்ரோல் விலையும் கடனும் அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

சமமாக வைத்துவிட்டு முந்தவிடும் வழியும் உண்டு. சென்னைப் பெண் நேத்ரா குமணன் 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டினாரே, அந்த வகைப் பந்தயத்தில் எல்லாருக்கும் ஒரே அச்சுப் படகு. போட்டி நடத்துகிறவர்களே கொடுக்கிறார்கள். ஒன்றையும் மாற்றி வைக்கக் கூடாது. மிச்சம் இருப்பது ஓட்டுகிறவரும் காற்றுந்தான். எனக்கு இதுவே நியாயமாகத் தோன்றுகிறது. பாட்டில் இடம் முறை வைத்து மாறுகிறது. இதில் படகு எல்லாருக்கும் ஒன்றாகிறது. ஆனால் இப்படி எல்லாப் படகும் இருந்திருந்தால் அந்தப் பறக்கும் விந்தையை யாரும் கண்டிருக்க மாட்டார்கள் என்று மருமகன் சொன்னதையும் என்னால் மறுக்க முடியவில்லை. அந்தப் படத்தை நானும் நாலு தடவை போட்டுப் பார்த்தவன்தானே!

திரும்பி வரும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. கரை ஓரமாகச் சில இருளப் பெண்கள் தண்ணீருக்குள் குந்தினாற்போல் நகர்ந்துகொண்டிருந்தார்கள். படகு இல்லை, வலை இல்லை. சேற்றைக் கையால் துழாவி இறாலைப் பிடித்து, வாயில் கவ்வியிருந்த பனையோலைப் பறிக்குள் போட்டுக்கொண்டார்கள். இரண்டு கைகளும் வேலை செய்ய வேண்டுமே. கூடையைப் பல்லால்தான் பிடித்தாக வேண்டும்.

மருமகன் கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்:

“பெரியவரே, இவர்களுக்குச் சீட்டில் பேர் உண்டா?”

பெரியவர் கழியை ஊன்றித் தள்ளினார். இன்னொரு முறையும் தள்ளினார்.

“அவங்க வலை போடறதில்லையே, தம்பி” என்றார்.